அம்மாவின் மேல்தாடைக்கு மாட்டெலும்புப் பொடி: சொல்லிவிட்டுச் செய்வதா, சொல்லாமலா?

காவேரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அம்மாவுக்கு 63 வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வலது மேல் கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்தார்கள். ஒரு பல்தானே என்று அப்படியே விட்டுவிட்டோம். இப்போது சாப்பாடு முழுக்க இடது பக்கமாகவே மெல்கிறார், அந்தப் பக்கமும் வலிக்க ஆரம்பித்துவிட்டது. முறுக்கைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிடுவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. இம்பிளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைத்துவிடலாம் என்று கூட்டிப்போனேன். ஸ்கேன் பார்த்த டாக்டர், "சைனஸ் கீழே இறங்கியிருக்கு, எலும்பு 4 மில்லிமீட்டர்தான் இருக்கு. சைனஸைத் தூக்கி போன் கிராஃப்ட் வைக்கணும்" என்றார். எஸ்டிமேட் தாளில் "ஜீனோகிராஃப்ட் 0.5 கிராம், மெம்பிரேன் 1" என்று இருந்தது. அது என்ன என்று கேட்டேன். "மாட்டு எலும்புப் பொடி. உலகம் பூரா இதைத்தான் வைக்கிறாங்க" என்றார். அம்மா அப்போது வெளியே பி.பி. பார்த்துக்கொண்டிருந்தார், காதில் விழவில்லை.

எங்கள் வீட்டுக்குள் முட்டை வந்ததில்லை. பிஸ்கட் பாக்கெட்டிலும் பச்சைப் புள்ளி பார்த்துத்தான் வாங்குவார் அம்மா. அண்ணன் சொல்கிறான்: "சொல்லாதே. சொன்னா பல்லே வேண்டாம்பாங்க. பொடிதானே, உள்ளே போனப்புறம் யாருக்குத் தெரியப்போகுது?" அவன் அம்மாவின் நல்லதுக்குத்தான் சொல்கிறான். ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை.

அந்தப் பொடி உண்மையில் என்ன? உடம்புக்கு ஆகுமா? வேறு வழி உண்டா? சொல்லாமல் செய்வது சரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈறும்எலும்பும்

வணக்கம் சகோதரி. நான் ஈறு மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்து 14 வருஷமாகப் பார்க்கிறேன். அம்மாவின் ஸ்கேனை நான் பார்க்கவில்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன்.

மேல் கடைவாய்ப் பற்களுக்கு நேர் மேலே மேல்தாடை எலும்புக்குள் ஒரு காற்றறை இருக்கிறது, அதுதான் சைனஸ். பல் இருக்கும்வரை வேர் எலும்பைப் பிடித்து வைத்திருக்கும். பல் போனதும் கீழிருந்து எலும்பு கரையும், மேலிருந்து சைனஸ் இறங்கும். இரண்டு பக்கமும் தேய்ந்து நடுவில் மிஞ்சியதுதான் அந்த 4 மில்லிமீட்டர். வழக்கமான இம்பிளாண்ட் 8 முதல் 10 மில்லிமீட்டர் நீளம். நிற்க இடம் வேண்டுமே. அதற்காகப் பக்கவாட்டில் எலும்பில் சின்ன ஜன்னல் வெட்டி, சைனஸின் உள்தோலைக் கிழியாமல் மேலே தள்ளி, கீழே கிடைக்கும் இடத்தில் பொடியை நிரப்புகிறோம். அந்தத் தோல் முட்டை ஓட்டுக்கு உள்ளே ஒட்டியிருக்கும் சவ்வு மாதிரி இருக்கும். பத்தில் இரண்டு பேருக்கு எங்கள் கையிலேயே கிழிந்துவிடுவதும் உண்டு. சின்னக் கிழிசல் என்றால் சமாளிக்கலாம்.

இனி பொடிக்கு வருகிறேன். எலும்பில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகச் சுண்ணச்சத்துக் கனிமம், மீதி பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம், கொஞ்சம் தண்ணீர். மாட்டெலும்பிலிருந்து கொழுப்பு, செல், புரதம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுக் கனிமத்தை மட்டும் எடுத்தால் கிடைப்பது வெள்ளைக் குருணை. ரவையைவிடக் கொஞ்சம் பெரிசு, 0.25 முதல் 1 மில்லிமீட்டர். சுவிட்சர்லாந்தின் கெய்ஸ்ட்லிக் நிறுவனம் 1980களில் கொண்டுவந்த பயோ-ஆஸ்தான் இதில் அதிகம் ஆராயப்பட்டது.

இதை ஏன் விரும்புகிறோம் என்றால், மாட்டெலும்பின் நுண்துளை அமைப்பு நம் எலும்பினுடையதைப் போலவே இருக்கிறது. கிண்ணத்தில் குருணையைக் கொட்டி நோயாளியின் ரத்தம் இரண்டு சொட்டு விட்டால், சொட்டு உருண்டு ஓடாது. அப்படியே உறிஞ்சி, ஈரச் சர்க்கரை மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்தத் துளைகள் வழியாகத்தான் பிறகு ரத்தக்குழாய் ஏறும், எலும்பு செல் ஏறும்.

ஒன்றை எல்லா நோயாளிகளுக்கும் சொல்வேன். இந்தப் பொடி எலும்பாக மாறாது. கட்டடம் கட்டும்போது போடும் சாரம் போல நின்று இடம் பிடித்துக்கொடுக்கும். அதன்மேல் ஏறிக் கட்டுவது உங்கள் உடம்பின் செல்தான். ஆனால் கட்டி முடித்தபின் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள், இது பிரியாது. கான்கிரீட்டுக்குள் ஜல்லி கிடப்பதுபோல வருஷக்கணக்கில் உள்ளேயே இருக்கும். பத்து வருஷம் கழித்து எடுத்த மாதிரியிலும் குருணையைப் பார்த்திருக்கிறார்கள். மெதுவாகக் கரைவதால்தான் சைனஸ் மறுபடி இறங்காமல் தடுக்கிறது, அது நல்லது. அதே காரணத்தால், "ஆறு மாசத்தில் எல்லாம் உங்க சொந்த எலும்பாயிடும்" என்று யாராவது சொன்னால் அது உண்மையில்லை.

கடைசிக் கேள்விக்கு எனக்கு ஒரே பதில்தான்: சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் மட்டுமல்ல, அந்த டாக்டரும் அம்மாவிடம் நேரில் சொல்ல வேண்டும். பல் அம்மாவுடையது, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடப்போவதும் அவர்தான்.

உலைக்களம்

நான் உயிர்ப்பொருள் துறையில் எம்.டெக். படித்தபோது ஆய்வுக்கூடத்தில் இந்தப் பொடியைக் கையால் செய்திருக்கிறேன். ஆய்வுக்காக மட்டும்தான், ஆளுக்கு வைக்க அல்ல. அது எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் அக்காவுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

இறைச்சிக்கூடத்திலிருந்து தொடையெலும்பு வரும். இறைச்சிக்காக அறுத்ததில் மிஞ்சியது, இதற்கென்று தனியாக யாரும் மாடு அறுப்பதில்லை. மூட்டுப் பக்கத்தை ரம்பத்தால் அறுத்தால் உள்ளே தேன்கூடு மாதிரி பஞ்செலும்பு. அதைத் துண்டு போட்டுப் பல தடவை தண்ணீரில் கொதிக்கவிடுவோம். ஒவ்வொரு தடவையும் மேலே கொழுப்பு மிதக்கும். பிறகு அசிட்டோனில் ஊறவைத்து மிச்சக் கொழுப்பை எடுத்து, காயவைத்து உலையில் ஏற்றுவோம். 300, 400 டிகிரியில் திறந்து பார்த்தால் துண்டெல்லாம் கரிக்கட்டை, அறை முழுக்க முடி கருகும் நாற்றம். புரதம் எரிகிற நாற்றம் அது. 600ஐ நெருங்கும்போது சாம்பல் நிறம். 900 டிகிரியில் சில மணி நேரம் வைத்து ஆறவிட்டு எடுத்தால் பால் வெள்ளை. நாற்றம் துளியும் இருக்காது. தட்டினால் பீங்கான் மாதிரி ஒலிக்கும். எடையில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும், தேன்கூட்டு வடிவம் மட்டும் அப்படியே நிற்கும். முதன்முதலில் அதைக் கையில் எடுத்தபோது பேச்சு வரவில்லை எனக்கு.

எல்லா நிறுவனமும் இப்படித்தான் செய்கிறது என்று நினைக்க வேண்டாம். பயோ-ஆஸ் ஏறத்தாழ 300 டிகிரி சூடும் காரக் கரைசலுமாகச் சேர்த்துப் பதப்படுத்தப்படுவது. செராபோன் என்ற இன்னொரு மாட்டெலும்புப் பொடி 1200 டிகிரிக்கு மேல் சுடப்படுவது. சூடு குறைந்தால் இயற்கையான படிக அமைப்பு அதிகம் தங்கும். சூடு ஏறினால் புரதம் மிஞ்ச வாய்ப்பே இல்லை, ஆனால் படிகம் பெருத்துவிடும், கரைவது இன்னும் மெதுவாகும்.

நேர் எதிர் வழியும் உண்டு. அமிலத்தில் ஊறவைத்துக் கனிமத்தைக் கரைத்துவிட்டுக் கொலாஜனை மட்டும் வைத்துக்கொள்வது. ஆசியோகிராஃப்ட் அந்த வகை, மாட்டெலும்பிலிருந்து சென்னையில் தயாராவது. அதில் இருப்பது புரதம். ஆக "மாட்டு எலும்புப் பொடி" என்று ஒரே சொல்லில் சொன்னாலும், ஒன்றில் புரதமே இருக்கக் கூடாது, இன்னொன்று புரதமேதான். டாக்டரிடம் எது என்று கேளுங்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் சித்த வைத்தியர்கள் சங்கையும் பவழத்தையும் புடம் போட்டு வெள்ளைப் பற்பம் எடுப்பார்கள். உலையைத் திறந்தபோது எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. உயிர்ப்பொருளாக இருந்தது தீயில் போய்க் கனிமமாக வெளியே வருகிறது. அம்மாவிடம் பேசும்போது இது உதவலாம்.

மண்ணடி_வாசகன்

சகோதரி, பொடியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். எஸ்டிமேட்டில் "மெம்பிரேன் 1" என்று போட்டிருக்கிறதே, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு மூன்று வருஷம் முன்னால் கீழ்த்தாடையில் இதே வேலை நடந்தது. டாக்டர் நல்ல மனிதர், மாட்டெலும்பு என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எனக்கு அதில் சங்கடமில்லை. பொடி வைத்தபின் மேலே போர்த்த ஒரு சவ்வு வைப்பார்கள். ஈறின் சதை வேகமாக வளர்ந்து எலும்பின் இடத்தைப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்க அது வேண்டுமாம். அது எதில் செய்தது என்று சும்மா கேட்டுவைத்தேன். அவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பன்றிக் கொலாஜன்" என்றார். அவருக்கே அப்போதுதான் உறைத்தது. பாவம், முகம் சுருங்கிவிட்டது.

எங்கள் பள்ளி இமாமிடம் கேட்டேன். வேறு வழியே இல்லாத மருத்துவத் தேவை என்றால் ஒரு பேச்சு, மாற்று கையில் இருக்கும்போது இன்னொரு பேச்சு என்றார். பொருளின் தன்மையே மாறிவிட்டால் தடை இல்லை என்று சொல்லும் அறிஞர்களும் இருக்கிறார்கள், ஒப்பாதவர்களும் இருக்கிறார்கள் என்று இரண்டையும் சொன்னார். மாட்டுத் தசைநாண் கொலாஜனில் செய்த சவ்வு கிடைக்கிறது என்று டாக்டரே தேடி வரவழைத்தார். ஒரு வாரம் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

கேட்டதால் அந்த டாக்டருக்கு என்மேல் கோபம் வரவில்லை. இப்போது வருகிற எல்லோரிடமும் முதலிலேயே சொல்லிவிடுகிறாராம்.

ஈறும்எலும்பும்

மண்ணடி பாய் சொன்னது மிக முக்கியம். நான் விட்டுவிட்டேன், மன்னிக்கவும். சந்தையில் கரையும் வகைச் சவ்வுகளில் நிறைய பன்றியிலிருந்து வருபவை. இந்து நோயாளிக்கு மாடா என்று கேட்க வேண்டும், முஸ்லிம் நோயாளிக்குப் பன்றியா என்று கேட்க வேண்டும், சைவருக்கு இரண்டையும் கேட்க வேண்டும். குதிரையெலும்பிலும் பொடி உண்டு. பவளத்திலிருந்து எடுத்ததும் உண்டு, பவளமும் உயிரினம்தான்.

தெற்குச்சீமை

மன்னிக்கணும், எனக்கு இது பிடிக்கல. இங்கிலாந்துல மாட்டுக்குப் பைத்தியம் பிடிச்சு அதைத் தின்ன மனுஷங்க மூளை அரிச்சுச் செத்தாங்களே, மறந்துட்டீங்களா? கொதிக்க வெச்சாலும் சாகாத கிருமின்னு சொன்னாங்க. அந்த மாட்டோட எலும்பைக் கொண்டாந்து என் தாடைக்குள்ள வைப்பாங்களாம். எங்க அப்பாவுக்குச் சொன்னப்ப நான் வேண்டாம்னுட்டேன். கழட்டி மாட்டுற பல் செட்டு போட்டுக்கிட்டு நல்லாத்தான் இருக்கார்.

உலைக்களம்

தெற்குச்சீமை அண்ணே, உங்கள் பயம் நியாயமானது. அதை இந்தத் துறையும் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த நோய் பிரிட்டனில் 1986ல் அடையாளம் காணப்பட்டது. மனிதருக்கு வந்த வடிவம் 1996ல் அறிவிக்கப்பட்டது. காரணம் பிரியான், தவறாக மடிந்த ஒரு புரதம். கிருமி இல்லை, அதனால்தான் கொதிக்கவைத்துக் கொல்ல முடியாது. ஒரு சோதனையில் 600 டிகிரியில் எரித்த சாம்பலிலும் தொற்றும் திறன் கொஞ்சம் எஞ்சியிருந்தது, 1000 டிகிரியில் எஞ்சவில்லை. அடர்ந்த காரக் கரைசலில் ஊறவைப்பதும் அதை அழிக்கும். மேலே நான் சொன்ன 1200 டிகிரிக்கும் காரக் கரைசலுக்கும் இதில் பங்கு உண்டு.

பிரியான் அதிகம் தங்குவது மூளை, தண்டுவடம், விழித்திரையில். தொடையெலும்பு அந்த வரிசையில் இல்லை. மாடு எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதையும் பார்ப்பார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா மூன்றும் உலக விலங்கு சுகாதார அமைப்பின் கணக்கில் மிகக் குறைந்த அபாயமுள்ள நாடுகள். பல் மருத்துவத்தில் இந்தப் பொடியால் அந்த நோய் வந்ததாக ஒரு நோயாளிகூடப் பதிவாகவில்லை.

ஆனால் "புரதம் முழுக்க நீங்கிவிட்டது" என்ற விஷயத்தில், குறைந்த சூட்டில் செய்யும் பொருள்களைப் பற்றி ஆய்வாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்திருக்கிறது. சிலர் மிச்சம் கண்டோம் என்றார்கள், சிலர் இல்லை என்றார்கள். அபாயம் மிக மிகச் சிறிது, சுத்தமாகப் பூஜ்யம் என்று நான் எழுதமாட்டேன். அப்பாவுக்கு நீங்கள் எடுத்த முடிவிலும் தப்பு ஒன்றுமில்லை அண்ணே. பல் செட்டில் அவர் சந்தோஷமாக இருந்தால் அது போதும்.

தெற்குச்சீமை

விவரமா சொன்னதுக்கு நன்றி தம்பி. டாக்டர் அன்னிக்கு இதுல பாதி சொல்லியிருந்தாக்கூட நான் யோசிச்சிருப்பேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டார். அதான் பயம் கூடிப்போச்சு.

இடுப்பெலும்பு

விலங்கெலும்பு வேண்டாம், சொந்த எலும்பே எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று யாராவது எழுதும் முன்னால் நான் எழுதிவிடுகிறேன்.

பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து எட்டு மாதம் ஆகியும் கூடவில்லை. இடுப்பு எலும்பின் மேல் விளிம்பிலிருந்து எடுத்துக் காலில் வைத்தார்கள். கால் கூடியது, இன்று நடக்கிறேன், அதற்குக் கடவுளுக்கு நன்றி. ஆனால் கால் வலி போனபிறகும் இடுப்பு வலி ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. பேண்ட் பெல்ட் அந்த இடத்தில் படும், சுருக்கென்று குத்தும். ஒன்றரை வருஷம் லுங்கியும் எலாஸ்டிக் கால்சட்டையும்தான். அந்தப் பக்கம் தொடையில் ஒரு கையகல இடம் இன்னும் மரத்தே கிடக்கிறது. புண்ணை ஆற்ற இன்னொரு புண் உண்டாக்க வேண்டியிருக்கிறது, அதுதான் சொந்த எலும்பில் உள்ள சங்கடம்.

எனக்கு மாட்டெலும்பு ஏன் வைக்கவில்லை என்று டாக்டரைக் கேட்டேன். உயிருள்ள செல்லோடு இருப்பது சொந்த எலும்பு மட்டும்தான், கூடாத முறிவுக்கு அதுதான் முதல் தேர்வு, பாரம் தாங்கும் காலில் பொடியை நம்பி நிற்க முடியாது என்றார்.

ஈறும்எலும்பும்

அவருடைய டாக்டர் சொன்னது சரி. தாடையில் தேவைப்படுவது சின்ன அளவு, சுற்றிலும் எலும்புச் சுவர் இருக்கும், பொடி நகராது. அதனால் இங்கே ஒத்துவருகிறது. எலும்பு முறிவு மருத்துவர்களும் மாட்டெலும்பை முயன்றவர்கள்தான். 1950களில் ஜெர்மனியின் கீல் (Kiel) நகரத்தில் கன்றுக்குட்டி எலும்பைப் பதப்படுத்தி "கீல் எலும்பு" என்று கொண்டுவந்தார்கள், நிறைய நாடுகளில் வைத்துப் பார்த்தார்கள். பல இடங்களில் சுற்றிலும் நார்த்திசு மூடிக்கொண்டதே தவிர எலும்போடு கூடவில்லை. புரதம் சரியாக நீங்காததுதான் அதற்குப் பெரிய காரணம் என்பார்கள். பின்னாளில் அது வழக்கொழிந்தது.

1965ல் அமெரிக்காவில் மார்ஷல் யூரிஸ்ட், கனிமம் நீக்கிய எலும்பைச் சதைக்குள் வைத்தால் அங்கேயே புது எலும்பு உருவாகிறது என்று காட்டினார். அதாவது எலும்புக்குள்ளேயே எலும்பை வளர்க்கச் சொல்லும் செய்தி இருக்கிறது, அது புரதத்தில் இருக்கிறது. புரதத்தை நீக்கினால் பாதுகாப்பு கூடும், அந்தச் செய்தி போய்விடும். புரதத்தை விட்டுவைத்தால் உடம்பு அதை எதிர்க்கலாம். உலைக்களம் சொன்ன இரண்டு வழிகளும் இந்த இழுபறியில் பிறந்தவைதான்.

பழையஏடு

இந்தத் தயக்கம் நமக்கு மட்டும் புதிதல்ல. ஹாலந்தைச் சேர்ந்த யோப் வான் மேக்ரன் என்ற அறுவை மருத்துவரின் நூல் அவர் இறந்தபின் 1668ல் அச்சானது. அதில் தான் கேள்விப்பட்டதாக ஒரு சம்பவம் சொல்கிறார். ரஷ்யப் பிரபு ஒருவருக்கு வாள்வெட்டில் மண்டையோட்டின் ஒரு பகுதி போய்விடுகிறது. ஒரு நாயின் மண்டையோட்டிலிருந்து துண்டு எடுத்து அடைத்ததில் புண் ஆறிவிடுகிறது. கிறிஸ்தவனின் தலையில் நாயெலும்பா என்று திருச்சபை அவரை விலக்கி வைக்கிறது. சபைக்குத் திரும்ப வேண்டும் என்று அந்தத் துண்டை எடுக்கச் சொல்லிப் போகிறார். விலங்கெலும்பைக் கொண்டு மனித எலும்பைச் சரிசெய்ததாக எழுத்தில் கிடைக்கும் பழைய செய்தி இதுதான் என்று சொல்வார்கள்.

அந்த மனிதரை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். உயிர் பிழைத்தார், ஆனால் தன் சபையே அவரை விலக்கி வைத்தது. காவேரிக்கரை அக்காவின் அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். உடம்பு ஏற்றுக்கொள்வது ஒன்று, அந்த மனிதர் ஏற்றுக்கொள்வது இன்னொன்று.

வன்னிமகள்

நான் இலங்கையில இருந்து எழுதுறன். எங்கட நாட்டில கண்தானச் சங்கம் நடத்துற மனிதத் திசு வங்கி கொழும்பில இருக்குது. இறந்தவையின்ட எலும்பைத் தானமா வாங்கிப் பதப்படுத்தி, கதிரியக்கத்தால கிருமி நீக்கிக் குடுக்கினம். மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலயும் 1988இல இருந்து அப்பிடி ஒரு வங்கி இருக்குது. விலங்கு வேண்டாம் எண்டால் இதுவும் ஒரு வழி. ஆனா அம்மாவிட்டக் கேட்டுப் பாருங்கோ, சில பேருக்கு மனுச எலும்பு எண்டால் மாட்டெலும்பைவிடக் கூடக் கஷ்டமா இருக்கும். என்ர மாமிக்கு அப்பிடித்தான்.

ஸ்டிக்கர்

எனக்குச் சொல்லாமல் வைத்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை.

வேலை முடிந்து ஏழு மாதம் கழித்து வேறு ஊருக்கு மாறினேன். புது டாக்டர் பழைய கேஸ் ஷீட் கேட்டார். வாங்கிப் பிரித்தால் மூன்றாம் பக்கத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மருந்துப் பெட்டியிலிருந்து உரித்து ஒட்டுகிற ஸ்டிக்கர். பொருளின் பெயர், லாட் எண், காலாவதி மாதம், அதற்குக் கீழே பொடி எழுத்தில் மாட்டிலிருந்து எடுத்தது என்று ஆங்கிலத்தில். பஸ் ஸ்டாண்டில் நின்றபடி அதைப் படித்தேன். நான் அசைவம் சாப்பிடுபவன். மாட்டுக்கறி பழக்கமில்லை, அதற்கு மேல் எனக்கு எந்த நோன்பும் இல்லை. அப்படியிருந்தும் அன்று முழுக்க நாக்கு அந்த இடத்தையே தொட்டுத் தொட்டுப் பார்த்தது. பொருள்மேல் கோபம் இல்லை. பல் நன்றாக இருக்கிறது, இன்றும் அதில்தான் மெல்கிறேன். என்னைக் கேட்கவில்லையே என்பதுதான்.

அந்த ஸ்டிக்கரில் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று இதைப் படிக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். நாளைக்கு ஏதாவது பிரச்சினை வந்தாலும் லாட் எண் கையில் இருக்கும்.

ஈறும்எலும்பும்

ஸ்டிக்கர் சார், உங்களுக்கு நடந்ததைப் படித்துக் கூசிப்போனேன். எங்கள் தொழிலில் இது நடக்கிறது. வேண்டுமென்றே மறைப்பவர்கள் குறைவு. "போன் கிராஃப்ட்" என்ற வார்த்தை எங்களுக்கு அவ்வளவு பழகிப்போய், அது ஒரு மாட்டின் எலும்பு என்பதே ஞாபகத்தில் இருப்பதில்லை. அது சாக்கு ஆகாது.

காவேரிக்கரைக்கு மாற்று வழிகளைச் சொல்லிவிடுகிறேன். முழுக்கச் செயற்கையான பொடி உண்டு, ஹைட்ராக்ஸிஅபடைட், டிரைகால்சியம் பாஸ்பேட் என்ற இரண்டு சுண்ணச்சத்துக் கனிமங்கள் கலந்தது. எந்த விலங்கும் இல்லை. டிரைகால்சியம் சீக்கிரம் கரையும், மற்றது மெதுவாகக் கரையும், கலந்தால் நடுவில் நிற்கும். சைனஸ் வேலையில் இம்பிளாண்ட் நிலைக்கும் விகிதத்தைப் பார்த்தால் மாட்டெலும்புக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நான் மாட்டெலும்பை அதிகம் பயன்படுத்துவது, நீண்ட கால ஆய்வுகள் அதற்குத்தான் நிறைய இருப்பதால். அதோடு ஜன்னல் வெட்டும்போது சுரண்டி எடுக்கும் அம்மாவின் சொந்த எலும்புத் தூளையும் சேர்க்கலாம், இதற்காகத் தனியாக வெட்ட வேண்டியதில்லை. சவ்வுக்குப் பதில், அம்மாவின் கையிலிருந்தே ரத்தம் எடுத்துச் சுழற்றினால் நடுவில் மஞ்சள் நிறத்தில் ஜெல்லி மாதிரி ஒன்று திரளும். பி.ஆர்.எஃப். என்பார்கள். அதை அழுத்தித் தட்டையாக்கிப் போர்த்தலாம். கொலாஜன் சவ்வு அளவுக்கு நாள் தாங்காது, ஆனாலும் சின்ன ஜன்னலுக்குப் போதும் என்பது என் அனுபவம்.

எலும்பு குறைவாகவே இருந்தாலும் குட்டை இம்பிளாண்ட் ஒத்துவருமா என்றும் கேளுங்கள். பொடியே வைக்காமல் உள்தோலைத் தூக்கி ரத்தக்கட்டை மட்டும் நம்பிச் செய்யும் முறையும் இருக்கிறது. அம்மாவின் 4 மில்லிமீட்டருக்கு அது போதுமா என்பதை ஸ்கேன் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வந்தபிறகு செய்யுங்கள். செய்தபின் இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். வாயில் மணல் மாதிரி குருணை நெருடினால் உடனே போய்க் காட்ட வேண்டும்.

காவேரிக்கரை

பத்து நாளாக எழுதவில்லை, மன்னியுங்கள். எல்லாப் பதிவையும் இரண்டு தடவை படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் சொன்னேன். மாட்டெலும்பு என்றதும் கை நின்றது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு முதல் கேள்வி: "இதுக்குன்னு அதைக் கொல்லுவாங்களா?" உலைக்களம் சொன்னதைச் சொன்னேன். கரியாகி வெளுத்து வரும் என்று சொல்லி, பவழ பற்பத்தைப் பற்றியும் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

அப்புறம் அம்மாவே எடுத்தார்: "உனக்கும் அண்ணனுக்கும் பச்சைக் குழந்தையா இருக்கச்சே கோரோசனை உரைச்சுக் குடுத்திருக்கேன். அது மாட்டு வயித்துலேர்ந்து எடுக்கறதுதான்னு தெரிஞ்சேதான் குடுத்தேன்." நான் சட்டென்று, அப்போ இதுவும் அப்படித்தானே என்றேன். தலையை ஆட்டினார். "இல்லைடீ. அது குழந்தைக்கு மூச்சு முட்டச்சே குடுத்தது. இது நான் முறுக்கு கடிக்கறதுக்கு. உயிருக்குன்னா வேற. நீ சொன்னியே, வேற பொடி இருக்குன்னு, அதை வெச்சா ஆகாதா?"

அவ்வளவு தெளிவாக அவர் பிரித்துப் பார்ப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. சொன்னால் பயந்துவிடுவார், பல்லே வேண்டாம் என்பார் என்றுதான் நானும் அண்ணனும் பேசிக்கொண்டிருந்தோம்.

வியாழக்கிழமை மூன்று பேரும் டாக்டரிடம் போனோம். அம்மாதான் பேசினார். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. குட்டை இம்பிளாண்ட் அம்மாவுக்கு ஒத்துவராது, 4 மில்லிமீட்டர் எலும்பும் மிருதுவாக இருக்கிறது என்று ஸ்கேனில் காட்டினார். செயற்கைப் பொடி, சொந்த எலும்புத் தூள், மேலே பி.ஆர்.எஃப். சவ்வு. இம்பிளாண்ட் வைக்க ஆறு மாதத்துக்குப் பதில் எட்டு ஒன்பது மாதம் காத்திருக்கலாம் என்றார், அம்மா சரி என்றார். தையலுக்கு என்ன நூல் என்று அண்ணன் கேட்டான். எனக்கு ஆச்சரியம். இழையில் யாரும் சொல்லாத கேள்வி அது. கேட்கட் நூல் ஆட்டுக் குடலிலோ மாட்டுக் குடலிலோ செய்வதாம், அதையும் செயற்கை நூலாக மாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர்.

ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. கீழே இடம் விட்டிருந்த இடத்தில் டாக்டர் தன் கையாலேயே தமிழில், "பொடி, சவ்வு, நூல் எதிலும் விலங்குப் பொருள் இல்லை" என்று எழுதினார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் 11ஆம் தேதி காலையில் வேலை. ஸ்டிக்கர் கேட்டு வாங்கி வைக்கிறேன்.